தாளில் மடித்த தர்பூசணி

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டால் செட்டிநாட்டில் உள்ள எங்கள் பள்ளத்தூரில் நண்பகலுக்குப் பிறகு தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது. முகப்புக் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வளவுக்குள், அதாவது முற்றமுள்ள உள்வீட்டுக்குள், ஒதுங்கிவிடுவோம். முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில் பாவியிருக்கும் ஆத்தங்குடிக் கல் மட்டும் அந்த நேரத்திலும் உடம்புக்குக் குளிர்ச்சி தரும். பெரியவர்கள் அதில் ஒரு துண்டை விரித்துப் படுத்துக் கண்ணயர்ந்துவிடலாம். ஆனால் நான்கு, ஐந்து, எட்டு வயதுகளில் மூன்று பிள்ளைகள் வீட்டில் இருக்கும்போது அந்த நான்கு மணி நேரத்தை எப்படிக் கழிப்பது என்பது ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் எனக்கு எழுகிற கேள்வி. எட்டு வயதுக்காரியும் நான்கு வயதுக்காரனும் அண்ணனின் பிள்ளைகள். ஐந்து வயதுக்காரி என் மகள். என் அம்மாவை அவர்கள் அப்பத்தா என்கிறார்கள், இவள் ஆயா என்கிறாள். இரண்டு பெயருக்கும் அம்மா ஒரே குரலில் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்.

சென்ற ஆண்டு நான் ஊருக்கு வரும்போது தாள் மடிப்புப் பொருள்கள் அடங்கிய ஒரு பெட்டியை வாங்கி வந்திருந்தேன். அதில் இருந்த படத்தைப் பார்த்து இரண்டு மணி நேரம் போராடி ஓர் அன்னம் செய்தோம். உண்மையில் நான்தான் செய்தேன், பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடித்து நிமிர்ந்தபோது சின்னவன் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது எதுக்கு?” என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. அன்னம் பட்டாலை அலமாரியில் விடுமுறை முடியும்வரை கிடந்தது. அந்தக் கேள்வியை நான் ஓராண்டாக மனத்தில் வைத்திருந்தேன். இந்த முறை மடிக்கும் எதுவும் அன்று மாலைக்குள் ஏதாவது ஒரு வேலைக்குப் பயன்பட வேண்டும், சின்னவன் தன் கையாலேயே மடித்து முடிக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு வந்தேன். விசிறி வீச வேண்டும், தம்ளர் தண்ணீர் பிடிக்க வேண்டும், தொப்பி தலையில் நிற்க வேண்டும், கப்பல் மிதக்க வேண்டும். தர்பூசணித் துண்டும் கோன் ஐஸும் கடை வைத்து விளையாட உதவ வேண்டும். ஆறு பொருள்கள்தாம், ஒரு கோடைக்கு அவை போதுமானவையாக இருந்தன.

தாளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பாதித் தோல்விகள் தாளில்தான் தொடங்குகின்றன. சார்ட் அட்டை இந்த வயதுப் பிள்ளைகளுக்கு உதவாது. அதை மடிக்க அவர்களின் விரலில் வலு போதாது. காரைக்குடியில் எந்த எழுதுபொருள் கடையில் கேட்டாலும் கிடைக்கும் கிளேஸ் பேப்பர் மெல்லியதாக, ஒரு பக்கம் வண்ணமும் மறுபக்கம் வெள்ளையுமாக இருக்கும். மடிக்கும்போது எது முன், எது பின் என்று குழந்தைக்குக் கண்ணாலேயே தெரிந்துவிடுவதால் தொடக்கத்துக்கு இதைவிடச் சிறந்த தாள் இல்லை. இதில் ஒரு குறை உண்டு. நம் ஊர்க் கோடையில் உள்ளங்கை வியர்த்துக்கொண்டே இருக்கும். வியர்வை பட்டால் மலிவான தாளின் சாயம் கையில் ஒட்டும், கையிலிருந்து சட்டைக்கு ஏறும். ஆகவே பக்கத்தில் ஒரு பருத்தித் துணியை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மடிப்புக்கும் முன்னால் கையைத் துடைத்துக்கொள்ளப் பழக்கினேன். அடுத்த தொல்லை மின்விசிறி. நிறுத்தினால் புழுங்குகிறது, ஓடவிட்டால் தாள் முற்றத்துக்குப் பறக்கிறது. அம்மா பல்லாங்குழியை எடுத்து வந்து ஆளுக்கு ஒரு கை சோழி கொடுத்தார். தாளின் ஒரு முனையில் நான்கைந்து சோழிகளை வைத்துவிட்டால் மறுமுனையை நிம்மதியாக மடிக்கலாம்.

சாதாரண வெள்ளை ஏ4 தாளும் வேண்டும். அதன் அளவு 21 சென்டிமீட்டருக்கு 29.7 சென்டிமீட்டர். குறுகிய விளிம்பை நீண்ட விளிம்பின் மேல் படியுமாறு சாய்த்து மடித்து, மிஞ்சும் பட்டையைக் கத்தரித்துவிட்டால் 21 சென்டிமீட்டர் சதுரம் கிடைக்கும். மிஞ்சிய பட்டை 21க்கு 8.7 சென்டிமீட்டர். இந்தப் பட்டையைத் தூக்கிப் போட எனக்கு மனம் வரவில்லை. அதை மடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் தர்பூசணி கிடைத்தது.

எங்களுக்கு மிகவும் பிடித்துப்போன மடிப்பு அதுதான் என்பதால் செய்முறையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். பட்டையின் ஒரு பக்கம் முழுவதையும் சிவப்பு மெழுகு வண்ணத்தால் தீட்டச் சொல்லுங்கள். ஓரம்வரை தீட்ட வேண்டும், மறுபக்கம் வெள்ளையாகவே இருக்கட்டும். இப்போது சிவப்புப் பக்கம் தரையைப் பார்க்க, நீளவாட்டில் குறுக்கே கிடக்குமாறு பட்டையை வையுங்கள். இடது ஓரத்தை வலது ஓரத்தின் மேல் வைத்துப் பாதியாக மடித்து, விரித்துவிட்டால் நட்டநடுவில் ஒரு கோடு விழுந்திருக்கும். மேலே உள்ள இரண்டு மூலைகளையும், ராக்கெட் செய்யும்போது மடிப்பதைப் போலவே, அந்த நடுக்கோட்டைத் தொடும்படி கீழே இறக்கி மடியுங்கள். மடிந்த இரண்டு பகுதிகளும் தாளின் கீழ் ஓரத்தைத் தாண்டி ஏறத்தாழ ஒரு விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தவறு செய்துவிட்டோமோ என்று அந்த இடத்தில் தோன்றும், தவறில்லை. அப்படியே திருப்புங்கள். மேலே சிவந்த சதைப்பற்று, கீழே வெள்ளைப் பட்டை என்று ஒரு முக்கோணத் துண்டு கையில் இருக்கும். அந்த வெள்ளைப் பட்டையின் கீழ்ப்பாதியை மட்டும் பச்சையால் தீட்டிவிட்டால், வெட்டி வைத்த தர்பூசணியில் சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவில் தெரியும் அந்த வெளிறிய வளையமும் அப்படியே வந்துவிடுகிறது.

விதைகள் வரைவதைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டேன். மூத்தவள் அளந்து வரிசையாகப் புள்ளி வைத்தாள். என் மகள் பதினொரு விதைகளை வரைந்துவிட்டு, அவற்றில் ஒன்றைத் தான் விழுங்கிவிட்டதாகச் சொல்லி அதைச் சிவப்பால் அழித்தாள். அன்று மாலை திண்ணையில் பழக்கடை திறந்தார்கள். அம்மாதான் முதல் வாடிக்கையாளர். புளியங்கொட்டை கொடுத்து இரண்டு துண்டு வாங்கினார். மூன்றாம் துண்டு கெட்டுப்போயிருப்பதாகச் சொல்லித் திருப்பிக் கொடுத்தபோது, கடைக்காரர்கள் மூவரும் கலந்து பேசி வேறு துண்டு மாற்றிக் கொடுத்தார்கள்.

சின்னவனின் தர்பூசணியில் நான் ஒரு பிழை செய்தேன். அவன் மடித்த இரு மூலைகளும் நடுக்கோட்டில் சேரவில்லை. ஒன்று கோட்டைத் தாண்டிவிட்டது, மற்றது கோட்டுக்கு ஒரு விரல் இப்பால் நின்றுவிட்டது. நான் எதையும் யோசிக்காமல் அவன் கையிலிருந்து தாளை வாங்கிப் பிரித்து, நேராக மடித்து, நகத்தால் நீவி, அவனிடம் திருப்பிக் கொடுத்தேன். அவன் அதைத் தரையில் வைத்துவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். அழவில்லை, ஆனால் அன்று அதன்பிறகு ஒரு தாளையும் தொடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அம்மா என்னிடம் தாழ்ந்த குரலில், “விடு ஆத்தா, அவன் மடிச்சது அவனுக்கு நேராத்தான் தெரியும். கோணலா இருந்தா என்ன, பழம் கோணலா இருக்கிறதில்லையா?” என்றார். மறுநாள் முதல் நான் என் கைகளை என் தாளில் மட்டும் வைத்துக்கொண்டேன். நானும் ஒரு தாளை எடுத்து அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக மடிப்பேன். அவன் பார்த்து மடிப்பான். கோணல் வந்தால் கோணலாகவே அடுத்த மடிப்புக்குப் போனோம். எதிரில் உட்காராமல் பக்கத்தில் உட்கார்வது முக்கியம். எதிரில் இருந்தால் நம் இடம் அவனுக்கு வலமாகத் தெரிந்து, பாவம், அந்தக் குழப்பத்திலேயே பாதிப் பொறுமை போய்விடுகிறது. மடிப்பை அழுத்துவதற்கு நகத்துக்குப் பதிலாக ஒரு சோழியைக் கொடுத்தேன். சோழியின் வழவழப்பான முதுகால் ஒருமுறை இழுத்தால் கோடு கூர்மையாக விழுகிறது. அதில் அவனுக்கு வந்த பெருமிதத்தைப் பார்க்க வேண்டும்.

விசிறி அதைவிட எளிது என்று எண்ணியிருந்தேன். ஒரு விரல் அகலத்துக்கு மடிக்க வேண்டும், தாளைத் திருப்ப வேண்டும், மீண்டும் அதே அகலத்துக்கு மடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் நான்கு வயதுக்கு அந்தத் ‘திருப்புவது’ மறந்துபோகிறது. திருப்பாமல் மடித்துக்கொண்டே போனால் தாள் பாயைப் போலச் சுருண்டுகொள்ளும். என் மகள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். “மடி... திருப்பு... மடி... திருப்பு” என்று அவள் இழுத்துச் சொல்ல, மற்ற இருவரும் அந்தத் தாளத்துக்கு மடித்தார்கள். முழு ஏ4 தாளும் கொசுவமாக வந்த பிறகு ஒரு முனையை நூலால் இறுக்கிக் கட்டி, மறுமுனையை விரித்தால் விசிறி தயார். அது காற்று தருகிறதா என்பதை உறங்கிக்கொண்டிருந்த அண்ணனின் முகத்தில் வீசிச் சோதித்துப் பார்த்தார்கள்.

அதைப் பார்த்த அம்மா உள்ளே போய், கொட்டான் என்னும் ஓலைக்கூடை முடைவதற்காக வாங்கி வைத்திருந்த பனங்குருத்து ஒன்றை எடுத்து வந்தார். விரியாத குருத்தோலையைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, மெதுவாகப் பிரித்துப் பார்க்கச் சொன்னார். அது முழுவதும் மடிப்பு: மேடு, பள்ளம், மேடு, பள்ளம் என்று நாங்கள் தாளில் போட்ட அதே கொசுவம், எங்களால் முடியாத அளவுக்குச் சீராக. பனை தன் இலையை மடித்தேதான் வெளியே அனுப்புகிறது, விரிந்தால் அதுவே விசிறி என்று அம்மா சொன்னபோது, மூத்தவள் தன் தாள் விசிறியையும் ஓலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மடிப்புகளை எண்ணத் தொடங்கிவிட்டாள். செட்டிநாட்டு ஆச்சிமார் தலைமுறை தலைமுறையாக அந்த ஓலையைக் கிழித்துச் சாயமேற்றி முடைந்த கொட்டானுக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. என் அம்மாவுக்கு அந்தச் செய்தியில் மகிழ்ச்சிதான்; ஆனால் அன்று அவர் முகத்தில் பார்த்த மகிழ்ச்சி வேறு. சின்னவன் ஓர் ஓலைக் கீற்றை எடுத்து இரண்டாக மடித்து, சோழியால் நீவி, “அப்பத்தா, இதுவும் மடியுது” என்று காட்டியபோது வந்த மகிழ்ச்சி அது.

தம்ளருக்கு வருகிறேன். இது உலகெங்கும் பிள்ளைகள் செய்கிற மிகப் பழைய மடிப்பு. ஒட்டும் வேண்டாம், வெட்டும் வேண்டாம், ஆனாலும் தண்ணீர் பிடிக்கும். குடிப்பதற்கு என்றால் வண்ணத் தாளும் செய்தித்தாளும் கூடவே கூடாது. சாயமும் அச்சு மையும் வாய்க்குள் போய்விடும். எழுதாத வெள்ளைச் சதுரம் ஒன்றை எடுத்து மூலைக்கு மூலை மடித்து முக்கோணமாக்குங்கள். மடிந்த நீண்ட ஓரம் கீழேயும் கூர்முனை மேலேயும் இருக்கட்டும். இனி வருகிற ஒரு சிறு வேலையைப் பெரியவர்கள் செய்து கொடுப்பது நல்லது: மேல் தாளை மட்டும் பிடித்து, அதன் வலது சாய்ந்த ஓரம் கீழ் ஓரத்தின் மேல் படியும்படி இறக்கி, இடது ஓரத்தில் மடிப்பு வந்து முட்டும் இடத்தை மட்டும் ஒரு கிள்ளுக் கிள்ளி, பழையபடி விரித்துவிடுங்கள். அந்தக் கிள்ளல்தான் அடையாளம். வலது கீழ்மூலையை எடுத்து அந்த அடையாளத்தில் வைத்து மடித்தால், மடிந்த பகுதியின் மேல் ஓரம் தரைக்கு இணையாக, தம்ளரின் வாய்போல நிற்கும். இடது மூலையையும் அதேபோல எதிர்ப்பக்கம் கொண்டுபோய் மடியுங்கள். மேலே இரண்டு முக்கோண நாக்குகள் மிச்சம் இருக்கும். ஒன்றை முன்பக்கமும் மற்றொன்றைப் பின்பக்கமும் மடித்து இறக்கிவிட்டு, வாயைப் பிரித்தால் தம்ளர்.

இதில் குழந்தைகள் தவறுகிற இடம் ஒன்றே ஒன்று. இரண்டு நாக்குகளையும் ஒரே பக்கம் மடித்துவிடுவார்கள். அப்போது வாய் திறக்காது. “ஒன்று உனக்கு, ஒன்று எனக்கு” என்று சொல்லி, முன் நாக்கைக் குழந்தையும் பின் நாக்கை நாமும் மடித்தால் அந்தப் பிழை வருவதில்லை.

அன்று மூன்று மணிக்கு அம்மா நீர்மோர் கரைத்தார். இஞ்சியும் பச்சைமிளகாயும் தட்டிப் போட்டு, கறிவேப்பிலை கிள்ளி, பிள்ளைகளுக்கு மட்டும் காரம் சேர்ப்பதற்கு முன்பே தனியாக எடுத்து வைத்திருந்தார். மூன்று தாள் தம்ளர்களிலும் ஊற்றினோம். ஊற்றியதும் யாரும் பேசவில்லை. மூன்று பேரும் தம்ளரின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒழுகவில்லை. சின்னவன் வழக்கமாக மோர் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறவன். அன்று மூன்று முறை வாங்கிக் குடித்தான். மூன்றாவது முறை தாள் நன்றாக ஊறி, அடி நெகிழ்ந்து, மிச்ச மோர் அவன் மடியில் கொட்டியது. நம் கையால் மடித்த தாள் ஐந்து நிமிடம் தாங்கியதே பெரிய காரியம், கொட்டினால் துடைத்துக்கொள்ளலாம். ஊற்றியவுடன் குடித்துவிட வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

தம்ளர் செய்த நாளில்தான் மூத்தவள் ஒரு சந்தேகம் கேட்டாள். நான் வெட்டிக் கொடுத்தது சதுரம்தானா என்று அவளுக்கு எப்படித் தெரியும்? ஸ்கேல் தேடிப் போகாமல் அவளே தாளைத் தரையில் வைத்தாள். எங்கள் தாழ்வாரத்துக் கல் எட்டு அங்குலம், அதாவது ஏறத்தாழ இருபது சென்டிமீட்டர். தாள் கல்லைவிட எல்லாப் பக்கமும் ஒரு நூல் பெரிதாக இருந்தது. அதே கல்லில் உள்ள பூவின் இதழ்கள் மூலைக்கு மூலை ஓடுவதையும், தாளை மடித்தால் விழும் கோடும் அதே வழியில் ஓடுவதையும் கண்டுகொண்டாள். பிறகு மூலையை மூலையில் வைத்தால் ஓரங்கள் மிச்சமில்லாமல் பொருந்துகின்றன, ஆகவே நான்கு பக்கமும் ஒரே அளவு என்று தானே சொன்னாள்.

அப்போது அவளிடம் சுந்தர ராவைப் பற்றிச் சொன்னேன். நம் சென்னையில் 1893இல் தண்டலம் சுந்தர ராவ் என்பவர் தாள் மடிப்பைக் கொண்டே வடிவியல் கற்பிக்கும் ஆங்கில நூல் ஒன்றை வெளியிட்டார். காம்பஸும் இல்லாமல், ஸ்கேலும் இல்லாமல், கோணலான ஒரு தாளிலிருந்து மடித்தே சதுரம் எடுப்பதில் அந்த நூல் தொடங்குகிறது. ஜெர்மானியக் கணித அறிஞர் ஃபெலிக்ஸ் கிளைன் அதைப் பாராட்டி எழுத, 1901இல் சிகாகோவில் அது மறுபதிப்புக் கண்டது. எனக்கு அதில் மிகவும் நெருக்கமான செய்தி வேறொன்று. அந்த எண்ணம் தமக்குக் குழந்தைகளின் விளையாட்டுப் பொருளிலிருந்து வந்ததாக அவர் முன்னுரையில் எழுதியிருக்கிறார். ‘கிண்டர்கார்ட்டன்’ என்ற பெயரை 1840இல் உருவாக்கிய ஃப்ரெடரிக் ஃப்ரோபெல் தம் சிறுவர் கல்வி முறையில் தாள் மடிப்புக்கு இடம் கொடுத்திருந்தார். ராவ் சொன்ன விளையாட்டுப் பொருள் அந்த வழியில் வந்த ஒரு பெட்டிதான்; அதில் இருநூறு சதுரத் தாள்கள் இருந்தன. ஒரு பக்கம் மட்டும் வண்ணமும் மினுமினுப்பும் உடைய தாள்கள். கேட்டதும் மூத்தவள், “அப்போ அது கிளேஸ் பேப்பர்தானே அத்தை?” என்றாள்.

கோன் ஐஸுக்கு அதே கிளேஸ் பேப்பர்தான் சரி. காவி அல்லது ஆரஞ்சு நிறம் எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பக்கம் மேலே இருக்க, ஒரு மூலை நம்மைப் பார்க்குமாறு வைத்து, மேலிருந்து கீழாக மூலைக்கோடு போட்டு விரித்துக்கொள்ள வேண்டும். கீழ்மூலையின் இருபுறத்து ஓரங்களையும் அந்தக் கோட்டில் சேர்த்து மடித்தால், கீழே வண்ணக் கூம்பும் மேலே வெள்ளை முக்கோணமும் வரும். முக்கோணத்தின் மூன்று முனைகளையும் பின்னால் சிறிது மடித்து வட்டமாக்கினால் ஐஸ். இது ஐந்து நிமிட வேலை. பழக்கடை ஐஸ் கடையாகவும் ஆனது. தொப்பிக்குத் தனியாக ஒன்றும் சொல்ல வேண்டாம். செய்தித்தாளின் விரிந்த முழுத் தாளில் கப்பல் மடிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டால் அதுவே தொப்பி. மாலை வெயிலில் கடைக்குப் போய்வர உதவியது.

படங்களைப் பார்த்து மடிக்க விரும்புகிறவர்களுக்காக ஒரு செய்தி. மடிப்புப் புத்தகங்களில் காணும் புள்ளிக்கோடும் அம்புக்குறியும் எந்த நாட்டு நூலிலும் ஏறக்குறைய ஒன்றுபோல இருப்பதற்குக் காரணம், ஜப்பானியக் கலைஞர் அகிரா யோஷிசாவா (1911–2005) வகுத்த குறியீட்டு முறைதான். ‘ஓரி’ என்றால் மடித்தல், ‘காமி’ என்றால் தாள். அந்த ஓரிகாமியை மொழி தெரியாதவரும் படித்து மடிக்கலாம் என்ற நிலை அவரால் வந்தது. சிறு கோடுகளால் ஆன வரி நம்மை நோக்கி மடிக்கும் பள்ளத்தையும், கோடும் புள்ளியும் கலந்த வரி பின்னால் மடிக்கும் மேட்டையும் குறிக்கும். எட்டு வயதுக்கு இது நன்றாகப் புரிகிறது. சிறியவர்களுக்குப் படமும் வேண்டாம், கைப்பேசிக் காணொளியும் வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். காணொளி அவர்களின் விரலுக்காகக் காத்திருப்பதில்லை. நாம் காத்திருக்கலாம்.

கப்பலைக் கடைசிக்கு வைத்திருந்தேன், தண்ணீருக்காக. ஏ4 தாளைக் குறுக்கே பாதியாக மடித்து, மடிந்த ஓரம் மேலே இருக்க, மேல்மூலை இரண்டையும் நடுவில் சேர்க்க வேண்டும். கீழே மிஞ்சும் பட்டைகளை முன்னும் பின்னுமாக மேலே மடக்கினால் தொப்பி. தொப்பியின் வாயைப் பிரித்து இரு ஓரங்களையும் சேர்த்து அமுக்கினால் சாய்சதுரம். அதன் கீழ்முனைகளை இருபுறமும் மேலே மடித்து மீண்டும் முக்கோணம். மீண்டும் வாயைப் பிரித்து அமுக்கினால் இன்னொரு சாய்சதுரம். அதன் உச்சியில் உள்ள இரண்டு முனைகளை மெல்ல வெளியே இழுத்தால் கப்பல் தானாக விரிகிறது. பிரித்து அமுக்கும் இடம் சின்னவனின் கைக்குக் கடினம். தொப்பிக்குள் அவன் தன் முட்டியை நுழைத்துப் பிரித்தான், அது நன்றாகவே வேலை செய்தது. மூத்தவள் அப்பத்தாவிடம் கத்திக் கப்பல் கற்றுக்கொண்டாள். அம்மா அதை அறுபது ஆண்டுகளுக்கு முன் தன் தம்பிமாருக்குச் செய்து கொடுத்தவர். ஓரிடத்தில் மறந்துபோய்க் கண்ணை மூடிக்கொண்டார், விரல்களே மீதியை மடித்தன.

மழை வரும் என்று காத்திருந்தோம். மே மாதம் இருபதாம் தேதிக்கு மேல் ஒரு மாலையில் மேற்கே கருத்து, வேப்பமரம் சுழன்று ஆடி, புழுதி அடங்கும் முன்பே பெரிய பெரிய துளிகளாக முற்றத்தில் விழத் தொடங்கியது. கூரை ஓட்டின் நான்கு பக்கத்திலிருந்தும் தண்ணீர் முற்றத்தில் கொட்டியது. அம்மா நல்ல தண்ணீருக்கு அண்டாவைத் தூக்கி வைத்தார். முதல் தண்ணீர் அழுக்காக இருக்கும், அதை விட்டுவிட்டுப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே அதற்கு முன் வாளியை வைத்தார். மூத்தவள் சலதாரையில் பழைய துணியைச் சுருட்டி அடைத்தாள். பத்து நிமிடத்தில் முற்றத்தில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது.

பதினான்கு கப்பல்களை விட்டோம். கிளேஸ் பேப்பர் கப்பல்கள் சாயத்தைக் கரைத்துத் தண்ணீரில் சிவப்பும் நீலமுமாகக் கோடு இழுத்துக்கொண்டு போயின. கத்திக் கப்பல்தான் நெடுநேரம் நின்றது. சின்னவனின் கப்பல் ஒருபக்கம் சாய்ந்தே மிதந்தது. ஓட்டிலிருந்து விழுந்த ஒரு தாரை அதன் நடுவில் இறங்க, அப்படியே அமிழ்ந்துவிட்டது. அவன் முழங்கால்வரை நனைந்து நின்று அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தாழ்வாரத்தில் ஏறி, அப்பத்தாவின் சேலைத் தலைப்பில் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு, சோழியை எடுத்துக்கொண்டு, அடுத்த தாளுக்குக் கை நீட்டினான்.